சொகுசுக் கப்பலில் ஏழு இரவு: விளம்பரத்தில் வராத சங்கதிகள்

கேட்டவர் சியாட்டிலில் வேலை பார்ப்பவர். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஜூன் மாதம் அலாஸ்காவுக்கு ஏழு இரவுக் கப்பல் பயணம் பதிவு செய்திருக்கிறார். மூன்று பேருக்கும் இதுதான் முதல் தடவை. "விளம்பரத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். நிஜத்தில் தினப்படி எப்படி இருக்கும், எதற்கெல்லாம் எரிச்சல் வரும், வயதானவர்களுக்குப் பொழுது போகுமா?" என்று கேட்டிருக்கிறார்.

எனக்குத் தூத்துக்குடி. ஒன்பது காண்ட்ராக்ட், அதாவது ஒவ்வொன்றும் ஏழெட்டு மாதம், கப்பலின் பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறினேன். அதில் நான்கு கோடை இதே சியாட்டில்–அலாஸ்கா ஓட்டம். அதனால் மேலே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் கதையும் தெரியும், கீழே தட்டு கழுவுகிறவர்கள் கதையும் தெரியும்.

கப்பலை ஓட்டல் என்று நினைத்துப் போகாதீர்கள். ஏழு நாள் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டு போங்கள். மூவாயிரம் பேர், ஒரே மண்டபம். முதல் பந்தி, இரண்டாம் பந்தி உண்டு. முன்வரிசையில் இடம் பிடிக்கிறவர்கள் உண்டு. யார் வீட்டு மாமா என்றே தெரியாத ஒருவர் எங்கே திரும்பினாலும் எதிரே நிற்பார். சாப்பாட்டைப் புகழ்ந்துகொண்டே உப்பு குறைவு என்று பேசும் கோஷ்டியும் உண்டு. நான் பார்த்த வரையில் கப்பலில் பெரிய விஷயத்துக்கு யாரும் சண்டை போட்டதில்லை. வானிலை சரியில்லை என்று ஒரு துறைமுகத்தையே விட்டுவிட்டுப் போனாலும் பொறுத்துக்கொள்வார்கள். லிஃப்டில் ஒருவர் முந்திக்கொண்டு ஏறிவிட்டால் அன்று முழுக்க அதையே பேசுவார்கள்.

ஏறும் நாளிலேயே இது ஆரம்பித்துவிடும். அன்று காலை ஒன்பது, ஒன்பதரைக்குள் பழைய மூவாயிரம் பேர் இறங்குவார்கள். பதினொன்றரைக்குப் புதியவர்கள் ஏற ஆரம்பித்துவிடுவார்கள். அந்த இடைவெளியில் ஒவ்வொரு அறையையும் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு வாரத்து அரிசி, முட்டை, காய்கறி எல்லாம் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்தாக வேண்டும். ஆகவே மதியம் ஒன்று, ஒன்றரை வரை உங்கள் அறை தயாராகாது. ஏறிய அத்தனை பேரும் கையில் பையோடு நேராக பஃபேக்குப் போவார்கள். திருவிழாக் கூட்டம்தான். பல கப்பல்களில் அதே நேரத்தில் கீழே பெரிய சாப்பாட்டுக் கூடமும் திறந்திருக்கும், பாதி காலியாக. நுழைவாயிலில் நிற்கும் ஊழியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரிய பெட்டிகள் அறைக்கு வந்துசேர சாயங்காலம் ஆகிவிடும். அப்பாவின் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

சில பெட்டிகள் வரவே வராது. இஸ்திரிப் பெட்டி, கரண்ட் கெட்டில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், குக்கர் ஆகியவை ஸ்கேனரில் தெரிந்தால் பெட்டி பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய்விடும். நீங்களே போய் அவர்கள் முன்னால் திறந்து காட்டி மீட்க வேண்டும். ஒருமுறை மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று என்னை அங்கே கூப்பிட்டார்கள். கோயம்புத்தூர் அம்மா ஒருவர், மேஜைமேல் அவருடைய இண்டக்ஷன் அடுப்பு, எதிரே ஆறடி உயர நேபாளக் காவலர். "தம்பி, இது கரண்ட் அடுப்புதானே, நெருப்பே வராதுன்னு அவர்கிட்டச் சொல்லு" என்றார். நான் சொன்னேன். காவலர் சிரித்துக்கொண்டே ரசீது எழுதிக் கொடுத்தார், அடுப்பைக் கடைசி நாள் வாங்கிக்கொள்ளச் சொல்லி. கடல் நடுவே தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வராது. காலையில் காபி ஊற்றுகிறவனும் படுக்கை விரிக்கிறவனும்தான் அங்கே தீயணைப்புப் படை. அதனால் இதில் மட்டும் யாரும் வளைந்து கொடுக்க மாட்டார்கள். வீட்டில் சமைத்த சாப்பாட்டையும் ஏற்ற விடமாட்டார்கள். கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத பொடி பாக்கெட், ஊறுகாய், முறுக்குக்குப் பொதுவாகப் பிரச்சினை வராது.

புறப்படுமுன் பாதுகாப்புப் பயிற்சி. ஏழு குட்டிச் சங்கு, ஒரு நீளச் சங்கு. 2020 வரை அது ஒரு நாடகம். எல்லாரும் குறிப்பிட்ட இடத்தில் வரிசையாக நிற்க வேண்டும், யாரோ ஒருவர் குறைவார், அவர் மேல்தளத்தில் கையில் பீரோடு இருப்பார், அவர் வரும்வரை நூற்றைம்பது பேர் முறைத்துக்கொண்டே நிற்பார்கள். பெருந்தொற்றுக்குப் பிறகு பல கம்பெனிகள் இதைச் சுருக்கிவிட்டன. போனிலோ அறை டிவியிலோ வீடியோ பார்த்துவிட்டு, உங்களுக்குரிய கூடும் இடத்துக்கு ஒருமுறை போய், அறைச் சாவியாகவும் இருக்கும் கப்பல் அட்டையைக் காட்டிவிட்டு வந்தால் போதும். சள்ளை என்று நினைக்காமல் அந்த இடம் வரை அப்பா அம்மாவை நடத்திக் கூட்டிப் போங்கள். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்தபோது, அன்று மாலை ஏறியவர்களுக்கு இந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அந்த விபத்தில் 32 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் புறப்படும்போதே பயிற்சி முடிந்தாக வேண்டும் என்று சர்வதேச விதி திருத்தப்பட்டது.

அறை விஷயத்தில் நிறையப் பேர் ஜன்னலையும் விலையையும் மட்டும் பார்ப்பார்கள். தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள். நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே அறை கிடைத்தால் விடியற்காலை ஐந்து மணிக்கு நாற்காலி இழுக்கும் சத்தம்தான் உங்கள் சேவல். சமையல் கூடத்துக்குக் கீழே என்றால் தள்ளுவண்டி. கீழ்த்தளத்தில் கப்பலின் மூக்குப் பக்கம் என்றால், கப்பல் துறைமுகத்தில் ஒதுங்கும்போது பக்கவாட்டில் நகர்த்தும் விசிறிகள் சுழலும். கட்டிலோடு சேர்ந்து பல்லும் ஆடும். மேலேயும் கீழேயும் வெறும் அறைகளாக இருக்கும் இடமாகப் பார்த்து எடுங்கள். வயதானவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதி, தாழ்ந்த தளம் உத்தமம். சியாட்டிலிலிருந்து போகும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு வெளிப்புறமாகத் திறந்த பசிபிக்கில்தான் போகும். முதல் நாள் ஆட்டம் அங்கேதான். பக்கவாட்டில் ஆடுவதைக் குறைக்கக் கப்பலுக்குத் துடுப்புச் சிறகுகள் உண்டு. முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதற்கு அவை உதவாது. லிஃப்ட் பக்கத்துக் கைப்பிடியில் காகிதப் பைகள் செருகி வைத்திருப்பதைப் பார்த்தால், அன்று ராத்திரி மாலுமிகள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். குமட்டலுக்கு இஞ்சியும் பச்சை ஆப்பிளும் கேட்டால் தருவார்கள்.

அறைச் சுவர் இரும்பு. இது தெரிந்தவர்கள் காந்தக் கொக்கி நான்கு வாங்கி வருவார்கள். குடை, ஸ்வெட்டர், அட்டை எல்லாம் சுவரில் தொங்கும். கதவில் காந்தப் படம் ஒட்டுவதும் அலங்காரத்துக்கு மட்டும் இல்லை. நீளமான நடைபாதையில் இருநூறு கதவும் ஒரே மாதிரி இருக்கும், முதல் மூன்று நாள் எல்லாரும் எதிர்த் திசையில் நடப்பார்கள். பல கப்பல்களில் ஒரு பக்கம் ஒற்றைப்படை எண், மறுபக்கம் இரட்டைப்படை. சில கப்பல்களில் கம்பளத்தில் மீன் படம் போட்டு, மீன்கள் எல்லாம் முன்பக்கமாக நீந்துவதுபோல வைத்திருப்பார்கள். 13-ஆம் தளத்தைத் தேடி அலையாதீர்கள், நிறையக் கப்பல்களில் 12-க்கு அடுத்து 14. ஜன்னல் இல்லாத அறை எடுத்திருந்தால் விளக்கை அணைத்தபிறகு உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. டிவியில் கப்பலின் முன்பக்கக் கேமரா காட்டும் சேனல் ஒன்று இருக்கும். சத்தத்தை நிறுத்தி அதை ஓடவிட்டால் ராத்திரி விளக்கும் ஆயிற்று, விடிந்ததும் தெரியும்.

கழிப்பறை காற்றை உறிஞ்சி இழுக்கும் வகை, விமானத்தில் இருப்பதுபோல. அந்தச் சத்தத்தைக் கேட்டு முதல் நாள் குழந்தைகள் அழும், பெரியவர்கள் திடுக்கிடுவார்கள். உள்ளே கண்டதைப் போட்டால் உங்கள் அறையோடு நிற்காது, அந்த வரிசை முழுக்க அடைத்துக்கொள்ளும். குழாயிலிருந்து ஒரு முழு வேட்டியை உருவி எடுத்ததாகக் கதை சொன்ன பிளம்பர் ஒருவரை எனக்குத் தெரியும். நம்பலாமா என்று தெரியவில்லை, ஆனால் கரை என்ன நிறம் என்பது வரை சொன்னார்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். அது என் இலாகா.

சாயங்காலச் சாப்பாட்டுக்கு நிலையான நேரம், நிலையான மேஜை எடுத்துக்கொள்வது வயதானவர்களுக்கு நல்லது. ஒரே பரிமாறுபவர் ஏழு நாளும் வருவார். இரண்டாம் நாளே அப்பாவுக்கு ஐஸ் போடாத தண்ணீர், அம்மாவுக்கு வெந்நீர் என்று பழகிவிடும். ஐஸ் இல்லாத தண்ணீர் என்பது அமெரிக்கக் கப்பலில் அவ்வளவு சுலபத்தில் கிடைக்கும் வஸ்து இல்லை. பல கப்பல்களில் இந்தியச் சைவ உணவு, முந்தின நாள் ராத்திரியே தலைமைப் பரிமாறுபவரிடம் சொல்லிவைத்தால் கிடைக்கும். பட்டியலில் இருக்காது, கேட்டால்தான் உண்டு.

ஒரு பயணத்தில் மதுரைக்காரக் குடும்பம் என் மேஜைக்கு வந்தது. மூன்று நாள் பேசாமல் சாப்பிட்ட அம்மா, நான்காம் நாள் என் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"ஏம்ப்பா, நீ தமிழா?"

"ஆமாம்மா. தூத்துக்குடி."

"அடப்பாவி, முத நாளே சொல்லக்கூடாதா? எங்க நாத்தனார் பொண்ணைத் தூத்துக்குடியிலதான் குடுத்திருக்கு. சரி, அதை விடு. கொஞ்சம் ரசம் கிடைக்குமாப்பா? நாலு நாளா நாக்கு செத்துப்போச்சு."

எங்கள் இந்தியச் சமையல்காரர் கோவாக்காரர். அவருடைய ரசம் என்பது தக்காளி சூப்பில் கடுகு தாளித்தது. அந்த அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "ரசம்னு சொல்ல முடியாது, ஆனா சூடா இருக்கு" என்றார். மறுநாள் ஒரு தாளில் புளி இவ்வளவு, மிளகு இவ்வளவு, கொதிக்க விடாமல் நுரை கட்டியதும் இறக்கு என்று மகனை ஆங்கிலத்தில் எழுத வைத்துக் கொடுத்தனுப்பினார். அந்தத் தாள் சமையல் கூடத்துச் சுவரில் அந்த சீசன் முடியும்வரை ஒட்டியிருந்தது. ஆறாம் நாள் ரசம் உண்மையிலேயே ரசமாக இருந்தது.

அலாஸ்கா ஓட்டத்தில் பரிமாறுபவனுக்கு ஒரு தனி எதிரி உண்டு: திமிங்கிலம். இரவு எட்டு மணி, ஜூன் மாதம், வெளியே நல்ல வெளிச்சம் (அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவில் அப்போது பத்து மணிக்குத்தான் சூரியன் மறையும்). எட்டுப் பேர் மேஜைக்கு எட்டு சூப் கொண்டுவந்து வைத்து, கடைசிக் கிண்ணத்திலிருந்து கையை எடுக்கும்போது ஜன்னலோரத்தில் ஒருவர் "அதோ!" என்பார். ஐந்நூறு பேர் ஒரே சமயத்தில் நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கூடம் முழுக்க ஒரு பக்கத்து ஜன்னலில் அப்பிக்கொள்ளும். அது ஒரு வாலைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடும், திரும்ப வருமா என்று ஏழு நிமிஷம் எல்லாரும் நிற்பார்கள். அப்புறம் வந்து உட்கார்ந்து, "சூப் ஆறிப்போயிருக்கிறதே" என்று என்னிடம் சொல்வார்கள். நான் எத்தனையோ திமிங்கிலங்களை ஆறிய சூப்பாகத்தான் அறிவேன். காண்ட்ராக்ட் முடிகிற வாரம், தட்டை வைத்துவிட்டு நானும் ஜன்னலுக்குப் போய் நின்றேன். மேலாளரும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

பனியாற்றைப் பார்க்கும் நாளும் இப்படித்தான். கிளேசியர் பே போகும் பயணமாக இருந்தால் தேசியப் பூங்கா வனக் காவலர்கள் சின்னப் படகில் வந்து ஏறிக்கொண்டு ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்வார்கள். நாளுக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அங்கே அனுமதி. கேப்டன் கப்பலை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி இரண்டு பக்கத்துக்கும் காட்டுவார். காத்திருந்தால் போதும். ஆனால் பனி இந்தப் பக்கம் தெரிகிறது என்றதும் கூட்டம் இந்தப் பக்கம் ஓடும், வந்து சேரும்போது கப்பல் திரும்பியிருக்கும், எல்லாரும் மறுபடி அந்தப் பக்கம் ஓடுவார்கள். பனிப்பாறை உடைந்து விழும்போது இடி மாதிரி சத்தம் வரும். சத்தம் கேட்டுத் திரும்பினால் பாறை அதற்குள் தண்ணீரில் இருக்கும், ஏனென்றால் கப்பல் தள்ளித்தான் நிற்கும், சத்தம் தாமதமாகத்தான் வந்துசேரும். போனில் நோண்டாமல் பனிச்சுவரையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். இந்த மாதிரி பொறுமைக்கு நம் வீட்டுப் பெரியவர்களை மிஞ்ச ஆள் இல்லை. அந்த மதுரை அம்மா போர்வையைப் போர்த்திக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்து ஐந்து தடவை விழுந்ததைப் பார்த்தார். பையன் ஒன்றுகூடப் பார்க்கவில்லை.

துண்டு போடுவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது நம் ஊர் வழக்கம் என்றுதான் கப்பலேறும்வரை நினைத்திருந்தேன். கரீபியன் ஓட்டத்தில் காலை ஆறு மணிக்கே நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள சாய்வு நாற்காலி எல்லாவற்றிலும் துண்டு, ஒரு புத்தகம், ஒற்றைச் செருப்பு. ஆள் மட்டும் பதினோரு மணிக்கு வருவார். அரை மணி, முக்கால் மணி ஆள் இல்லாவிட்டால் பொருளை எடுத்துவிடலாம் என்று பல கம்பெனிகளில் விதி உண்டு. அதை நிறைவேற்றும் பாவப்பட்ட பையனுக்கு எந்தச் சம்பளமும் போதாது. அலாஸ்காவில் குளிரால் இந்தச் சண்டை குறைவு. அங்கே துண்டு விழும் இடம், மேல்தளத்தில் முன்பக்கக் கண்ணாடிக் கூடம். பனியாறு அன்று ஒரு நாள் விடியற்காலையில் அப்பாவை அனுப்பி இடம் பிடித்துக்கொள்ளுங்கள். தப்பே இல்லை.

லிஃப்டைப் பற்றி ஒரே வரி: அரங்கில் மேடை நிகழ்ச்சி முடிந்த அரை மணி நேரம் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கரை இறங்கும் ஊர்களில் எரிச்சலுக்குக் காரணம் கூட்டம். ஸ்காக்வேயில் குடியிருப்பவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர், கப்பல் நாளில் அதைப் பல மடங்கு மிஞ்சும் கூட்டம் ஒரே தெருவில் இறங்கும். ஜூனோவில் உள்ளூர்க்காரர்கள் பொறுக்க முடியாமல், 2024 முதல் நாளுக்கு ஐந்து பெரிய கப்பல்தான் என்று கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். கெச்சிக்கனில் குடை இல்லாமல் இறங்காதீர்கள். அங்கே வருஷ மழை சென்னையைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

நேரம் இன்னொரு வம்பு. அலாஸ்கா நேரம் சியாட்டிலுக்கு ஒரு மணி பின்னால். வடக்கே போகும்போது ராத்திரி கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள், எல்லாருக்கும் ஒரு மணி நேரத் தூக்கம் இனாம். திரும்பும்போது அதைப் பிடுங்கிக்கொள்வார்கள். போன் தானாக மாற்றிக்கொள்ளும், சில சமயம் தப்பாகவும். கப்பல் நேரம் எது என்று பார்க்க அறையில் ஒரு பழைய கைக்கடிகாரம் இருக்கட்டும். "எல்லாரும் ஏற வேண்டிய நேரம்" என்று போட்டிருப்பதைத் தாண்டினால் கப்பல் காத்திருக்காது. தாமதமாக வருகிறவர்கள் கரையில் ஓடிவரும் காட்சி மேல்தளத்தில் இருப்பவர்களுக்கு இலவச சினிமா. மெக்ஸிகோவின் கோசுமெல்லில் பாலம் நீளமாகப் போகும். கையில் பெரிய வைக்கோல் தொப்பி, தோளில் குழந்தை, பின்னால் செருப்பை விட்டுவிட்டு ஓடும் மனைவி என்று ஒரு குடும்பம் வந்தது. மேலே ஆயிரம் பேர் கைதட்டி விசில் அடித்தார்கள். ஏறிவிட்டார்கள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டார். கப்பல் நடத்தும் சுற்றுலாவில் போனால் அந்த வண்டி தாமதமானாலும் கப்பல் நிற்கும். நாமாகப் போனால் நம் பாடு.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை. சியாட்டிலிலிருந்து கிளம்பி சியாட்டிலுக்கே வரும் கப்பல் பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கும், பெரும்பாலும் சாயங்காலம், கடைகள் மூடும் வேளையில். ஏன் இந்த நேரத்தில் இங்கே என்று எல்லாரும் கேட்பார்கள். காரணம் 1886-இல் போட்ட ஒரு அமெரிக்கச் சட்டம். பஹாமாஸ், பனாமா என்று வெளிநாட்டில் பதிவாகி அந்த நாட்டுக் கொடியில் ஓடும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது. நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். உங்கள் அப்பா அம்மா இந்தியப் பாஸ்போர்ட்டில் வருகிறார்கள் என்றால் இந்தச் சில மணி நேரத்துக்கும் கனடா விசா வேண்டும், அமெரிக்க விசாவும் பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும். இறங்காமல் அறையிலேயே இருந்துவிடலாம் என்ற கணக்கு நடக்காது. ஏறும் இடத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டு, பெட்டிமேல் உட்கார்ந்திருந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கே கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள்.

பில்லில் மூன்று இடத்தில் அதிர்ச்சி வரும். அமெரிக்கக் கம்பெனிகளில் டிப்ஸ் தானாகவே ஏறும், தலைக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 டாலர். இரண்டாவது, கடலில் போனை ஏர்பிளேன் மோடில் போடாமல் விட்டால் கப்பலின் செல்போன் டவரைப் பிடித்து ரோமிங் ஏறிக்கொண்டே போகும். மூன்றாவது மருத்துவர். கப்பலில் வைத்தியம் இலவசம் இல்லை, பயணக் காப்பீடு இல்லாமல் வயதானவர்களை ஏற்றாதீர்கள்.

பஃபே வாசலில் ஒருவர் பாட்டுப் பாடி, ஆடிக்கொண்டே கை கழுவச் சொல்வார். வேடிக்கையாக இருக்கும், ஆனால் அவர்தான் அந்தத் தளத்தில் முக்கியமான ஆள். நோரோ என்ற வயிற்றுப்போக்கு வைரஸுக்குக் கையில் தேய்க்கும் ஜெல் அவ்வளவாகப் பயப்படாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். அது பரவிவிட்டால் கரண்டியை எங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள், நீங்கள் எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்துக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து சோதிப்பார்கள். நூற்றுக்கு 86 தேர்ச்சி, 85 பெயில். அவர்கள் ஏறிவிட்டார்கள் என்ற செய்தி கப்பலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக இரண்டு நிமிஷம்கூட ஆகாது. ஃபிரிட்ஜ் ரப்பரைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக்கொண்டு நின்ற காலம் எல்லாம் ஞாபகம் வருகிறது.

கீழ்த்தளம் வேறு ஊர். முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரே நீளச் சாலை மாதிரி நடைபாதை. அமெரிக்க நெடுஞ்சாலையின் பெயரால் அதை ஐ-95 என்போம், பிரிட்டிஷ் கப்பலில் எம்-1. இரண்டு பேருக்கு ஓர் அறை, மேலே கீழே கட்டில், திரைச்சீலைதான் சுவர். ஷவரில் குளிக்கும்போது பிளாஸ்டிக் திரை உடம்பில் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒன்பது காண்ட்ராக்டிலும் அதை ஜெயிக்க முடியவில்லை. ஏழெட்டு மாதம் வாரவிடுமுறை என்று ஒன்று கிடையாது. 2013-இல் அமலுக்கு வந்த கடலோடித் தொழிலாளர் ஒப்பந்தப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு தர வேண்டும், அதையும் இரண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம். ஆகவே நாங்கள் தவணை முறையில் தூங்குகிறவர்கள். வேலைக்கு டிமிக்கி கொடுப்பவனுக்கு மாமகாயோ என்று பெயர். எந்த மொழி என்று கேட்காதீர்கள். பிலிப்பைன்ஸ்காரனும் சொல்வான், ஜமைக்காக்காரனும் சொல்வான், நானும் சொல்வேன். ஊழியர்கள் சாப்பிடும் க்ரூ மெஸ்ஸில் வருஷம் 365 நாளும் சோறு உண்டு, அந்த ஒரு விஷயத்தில் மேலே இருப்பவர்களைவிட நாங்கள் பாக்கியசாலிகள்.

ராத்திரி அந்த மெஸ்ஸில் உட்கார்ந்து அன்றைக்குக் கெஸ்ட் கேட்ட கேள்விகளைப் பரிமாறிக்கொள்வதுதான் எங்கள் பொழுதுபோக்கு. "நள்ளிரவு பஃபே எத்தனை மணிக்கு?" "இந்தப் படிக்கட்டு மேலேயும் போகுமா?" இவை எல்லாக் கப்பலிலும் சுற்றும் பழைய சரக்கு. "நீங்கள் எல்லாம் ராத்திரி எங்கே போய்த் தூங்குவீர்கள்?" என்பது எனக்கே வாரம் ஒருமுறை வரும். ஹெலிகாப்டர் வந்து கூட்டிக்கொண்டு போகும் என்று என் கூட்டாளி ஒருவன் சொல்லிவைக்க, அந்தக் கெஸ்ட் ராத்திரி பதினொன்றுவரை மேல்தளத்தில் காத்திருந்தார். ஜூனோ துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் படியிலேயே நின்றுகொண்டு, "இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம்?" என்று கேட்டவரும் உண்டு. நான் தண்ணீரைக் காட்டினேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பொழுது போகுமா என்று கேட்டிருந்தீர்கள். அப்பாவுக்குப் போகும், உறுதியாக. காபியும் ஜன்னலும் புதுப்புது ஆட்களும் இருந்தால் போதும். படுக்கைமேல் துண்டை மடித்துச் செய்துவைத்த யானையும் குரங்கும் அம்மாவுக்குப் பிடிக்கும். அறைப் பையனிடம் கேட்டால் செய்யவும் சொல்லிக் கொடுப்பான். குழந்தைகள் ரப்பர் வாத்து பொம்மைகளைப் பூந்தொட்டி, படிக்கட்டு மூலை என்று ஒளித்து வைப்பதும் கண்டெடுப்பதும் இப்போது ஒரு பெரிய விளையாட்டு. எழுபது வயது ஆசாமிகளும் குனிந்து தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசி ராத்திரி பெட்டிகளைப் பதினோரு மணிக்குள் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் கீழே இறக்கிவிடுவோம். ஒருமுறை காலை ஏழு மணிக்கு ஒரு பெரியவர், மேலே கோட்டு, கழுத்தில் டை, இடுப்பில் கப்பல் துண்டு, காலில் பளபளவென்று ஷூ, சாப்பாட்டுக் கூட வாசலில் நின்றார். மனைவி எல்லாவற்றையும் கச்சிதமாக மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார், பேண்ட் உட்பட. பெட்டி அப்போது முனையக் கிடங்கில் மூவாயிரம் பெட்டிகளுக்கு நடுவே இருந்தது. என் கூட்டாளியின் சீருடைப் பேண்ட்டைக் கொடுத்தோம். நீளம் போதவில்லை, முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் வரை வந்தது. அப்படியே கம்பீரமாக இறங்கிப் போனார். மனைவி பத்தடி தள்ளி, தெரியாதவர் மாதிரி நடந்தார்.

ஒரு பேண்ட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு ஒரு புடவை.